குறை வைக்காத கை

லாரி என் கால்மேல் ஏறியது என்று சொன்னால், கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "நீ எந்தப் பக்கமா போனே?" லாரி எந்தப் பக்கமாக வந்தது என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. பதினாறு சக்கரம் வைத்த வண்டி தன்பாட்டுக்குப் போகும், இரண்டு சக்கரத்தில் போகிறவள்தான் தேடிப்போய் இடித்துக்கொள்வாள் என்பது எல்லாருக்கும் எப்படியோ முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

நான் ஓரமாகத்தான் போனேன். பன்னிரண்டு வருஷமாக அதே சாலை, அதே ஓரம். ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் நான். நாள் முழுக்க நின்றபடியே வேலை. சாயங்காலம் ஐந்தரைக்கு சைக்கிள் சீட்டில் ஏறி உட்காரும்போதுதான் கால் இரண்டும் "அப்பாடா" என்னும். அன்றைக்கும் அப்படித்தான் ஏறி உட்கார்ந்தேன். சிக்னலில் பச்சை விழுந்தது. நேராகப் போகவேண்டியவள் நேராகப் போனேன். எனக்குப் பின்னால் நின்ற கன்டெய்னர் லாரி, நான் கடந்துபோகிற வரைக்கும்கூடப் பொறுக்காமல், என் பக்கமாகவே ஒடித்துத் திரும்பியது. முதலில் பின்சக்கரத்தில் ஓர் அடி விழுந்தது. நான் சாலையில் கிடந்தேன். அதற்கப்புறம் லாரியின் சக்கரம் ஒன்று என் இடது முழங்காலுக்குக் கீழே ஏறி இறங்கியது.

டிரைவர் குதித்து ஓடிவந்தான். "நான் பாக்கலக்கா, சத்தியமா நான் பாக்கல" என்று தலையில் அடித்துக்கொண்டான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவன் தூங்கி எத்தனை நாளாகியிருக்குமோ என்று அந்த வலியிலும் எனக்குத் தோன்றியது. சிக்னல் நிறைய ஆட்கள் நின்றார்கள். போலீஸ் வந்தபோது அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எல்லாரும் அவரைப் பெண்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வளைந்து நெளிந்த சக்கரத்தைப் பெண்டு எடுத்து நேராக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கோணலாக எதைக் கண்டாலும் அவருக்குப் பொறுக்காது. சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில் என் தோள் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வராததுதான் பாக்கி.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு. சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, அது சத்தமில்லாமல் ஓடுவதை வந்தவரைப் பார்க்கவைத்துவிட்டுச் சொல்வார்: "நம்ம கைக்கு வந்த வண்டி குறையோட வெளிய போனதில்ல." முப்பது வருஷமாக, ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது. தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் அதைத்தான் சொல்வார்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தது பத்தொன்பது நாள். காலுக்குள் ஒரு இரும்புத் தகடும் ஏழு திருகாணியும் வைத்தார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொண்டது என் நாத்தனார். வாய் நீளம், மனசும் அவ்வளவு நீளம். இவர் தினமும் மத்தியானம் வந்து பத்து நிமிஷம் உட்காருவார். நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். "கடையில கொஞ்சம் வேலை" என்று எழுந்துவிடுவார்.

"பொண்டாட்டி இங்க கால ஒடிச்சிக்கிட்டுக் கிடக்கா, அப்படி என்ன வேலை வெட்டி முறிக்கிறே அண்ணா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"சொன்னா புரியாது உனக்கு" என்றார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு.

அந்த வேலை என்னவென்று இருபதாம் நாள் தெரிந்தது. டாக்சியிலிருந்து என்னை இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். வாசலில் என் சைக்கிள் நின்றது. விபத்து நடந்த மறுநாளே போலீஸ் ஸ்டேஷனில், "எடத்த அடைக்குது, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்களாம். அதைப் புதுப்பெண் மாதிரி நிறுத்தியிருந்தார். பச்சைப் பெயின்ட் பளபளத்தது. ரிம்மில் முகம் பார்க்கலாம். மணி புதிது, சீட்டு புதிது, பின்பக்க மட்கார்டு புதிது. பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டார். முணுமுணுப்புக்கூட இல்லாமல் ஓடியது.

"கால் சரியானதும் ஏறி உக்காரு, முன்னவிட நல்லா போகும்" என்றார்.

நானும் முட்டாள்தான். அதைப் பார்த்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். பத்தொன்பது நாளாக இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் எனக்காக இதைச் செய்திருக்கிறாரே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஒரு ஆள் கடைக்கு வந்தான். தோளில் பெரிய பை, பேச்சில் அதைவிடப் பெரிய மரியாதை. லாரிக் கம்பெனியின் இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து வருவதாகச் சொன்னான். எனக்கு ஒரு பை நிறைய ஆப்பிள் கொண்டுவந்திருந்தான். கடைக்குப் பக்கத்து அறையில்தான் நான் படுத்திருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. "இந்த வண்டியா? நம்பவே முடியலையே! அடிபட்ட வண்டின்னு சத்தியம் பண்ணாக்கூட யாரும் நம்பமாட்டாங்க" என்றான். இவர் குளிர்ந்துபோனார். "பக்கத்துல நில்லுங்க, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன்" என்றான். இவர் தலையை வாரிக்கொண்டு நின்றார். நாங்கள் அந்த ஆப்பிளை மூன்று நாள் வைத்துத் தின்றோம்.

ஐந்து மாசம் போயும் எலும்பு ஒட்டவில்லை. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து எலும்புத் துண்டு எடுத்து வைத்து இன்னொரு ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார். அதை இன்னும் ஒரு வருஷத்துக்குள் செய்தால் கால் நேராகும், பழையபடி நின்று வேலை செய்யலாம். விட்டால் கால் குட்டையாகிவிடும், அப்புறம் எவ்வளவு செலவழித்தாலும் பிரயோசனமில்லை. அதற்கு ஆகிற செலவைக் கேட்டதும், கடையையே விற்றாலும் போதாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லாமலே விளங்கியது. நஷ்டஈடு வந்தால் கால் உண்டு, வராவிட்டால் இல்லை. நாத்தனார்தான் விசாரித்து ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனாள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி. விபத்துக் கேஸ் பார்க்கிற வக்கீல் ஆபீசுக்கு இப்படி ஒரு படி. நான் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். வக்கீலம்மா ஒல்லியாக, தூக்கம் கெட்ட முகத்தோடு இருந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"மூணு வழி இருக்கும்மா. ஒண்ணு, டிரைவர் மேல போலீஸ் போடுற கேஸ். அதுல அவன் அபராதம் கட்டிட்டு அடுத்த லோடு ஏத்தப் போயிடுவான், உங்க காலுக்கு ஒண்ணும் வராது. ரெண்டாவது, சமரசம். அவங்க குடுக்கறத வாங்கிக்கிட்டு, என் தப்புனால விழுந்தேன்னு கையெழுத்துப் போடணும். மூணாவது, லாரிக் கம்பெனி மேலயும் இன்சூரன்ஸ் மேலயும் நாம விபத்து நஷ்டஈட்டு மன்றத்துல கேஸ் போடுறது. தூங்கவிடாம வண்டி ஓட்டச் சொன்னது கம்பெனி. அதுனால பொறுப்பு அவங்களோடது. ஆனா நாம நிரூபிக்கணும்."

"மூணாவதுதான்" என்றேன். யோசிக்கவே இல்லை.

"அவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? திரும்பிட்டிருந்த லாரிக்கும் ஓரத்துக்கும் நடுவுல நீங்க வேகமா நுழையப் பாத்தீங்களாம். தடுமாறி நீங்களா விழுந்தீங்களாம். லாரி கேமரா அன்னைக்குன்னு பாத்து வேலை செய்யலையாம்."

"பின்னாலேருந்து இடிச்சான். பின்சக்கரத்துல."

"அதுதான் கேஸே." வக்கீலம்மாவின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "முன்சக்கரம் அடிபட்டிருந்தா நீங்க போய் மோதினீங்கன்னு சொல்லலாம். பின்சக்கரம்னா அவன் வந்து இடிச்சான். வேற சாட்சியே வேணாம். சைக்கிள் எங்க இருக்கு?"

இவர் மெதுவாக, ஆனால் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்: "வீட்டுல இருக்குங்க. நல்லா பண்ணி வச்சிருக்கேன்."

வக்கீலம்மா பேனாவை மேஜைமேல் வைத்தார். "பழைய ரிம்மு? மட்கார்டு?"

"ரிம்ம நிமித்திட்டேன். மட்கார்ட காயலான் கடைக்குப் போட்டுட்டேன். அதுல லாரியோட நீலப் பெயின்ட்கூட ஒட்டியிருந்துச்சு, பாக்கவே அசிங்கமா..." என்ன செய்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எனக்கும் அப்போதுதான்.

படியிறங்கும்போது என் தோளைப் பிடிக்க வந்தார். நான் கையைத் தட்டிவிட்டேன். உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன். "ஒரு வார்த்தை யார்கிட்டயாவது கேட்டீங்களா?" என்று தெருவில் நின்று கத்தினேன். "பொண்டாட்டி சாகக் கிடக்கும்போது பெயின்ட் அடிக்க யாருக்காவது கை வருமா?" பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

வழக்கு மன்றத்துக்கு வர ஏழு மாசம் ஆனது. அந்த ஏழு மாசமும் நான் அவரிடம் பேசியது, சோறு ஆயிற்று, தண்ணீர் வேண்டும், இவ்வளவுதான். விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலை நேரம், அவராகவே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"பின்சக்கரத்தப் பிடிச்சிருக்கிற குழாய் ரெண்டு இருக்குல்ல, அதுல ஒண்ணு ஒடுங்கிப்போச்சு. எவ்ளோ நிமித்தியும் ரெண்டு நூல், கால் அங்குலம், கோணல் போகல. பின்னாலேருந்து அடிச்சாத்தான் அந்த எடத்துல அப்படி ஒடுங்கும். பள்ளத்த அடைக்கிற புட்டிய வச்சு இழைச்சுப் பெயின்ட் அடிச்சிட்டேன். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது."

நான் திரும்பினேன். சாட்சி இருக்கிறது! பெயின்டுக்கு அடியில் உயிரோடு இருக்கிறது! "இத ஏங்க இத்தனை மாசமா சொல்லல?"

அவர் தரையைப் பார்த்தார். "வெக்கமா இருந்துச்சு" என்றார்.

எதற்கு வெட்கம்? கால் போனவள் நான். கேஸ் தோற்கப்போகிறவள் நான். இரண்டு நூல் கோணலாக ஒரு குழாயை விட்டுவிட்டோம் என்று இவருக்கு வெட்கம். எனக்கு அடிக்கவேண்டும்போலவும் இருந்தது, சிரிக்கவேண்டும்போலவும் இருந்தது. ஏழு மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு என் கையால் டீ போட்டுக் கொடுத்தேன்.

வக்கீலம்மா கேட்டதும் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். "இத நான் கேட்டு இவர் சொன்னா, சொல்லிக் குடுத்த மாதிரி இருக்கும். அவங்க வாயாலேயே கேக்க வைப்போம். அந்த ஃபோட்டோவ வச்சிருக்காங்கல்ல, 'இந்த வண்டியில என்ன குறை இருக்கு'ன்னு கேக்காம இருக்கவே மாட்டாங்க. அப்ப இவர், 'இருக்கு, இந்த எடத்துல'ன்னு காட்டணும். உடனே நான் அதிகாரிய வச்சுச் சோதிக்கச் சொல்லி மனு போடுவேன். ஒரு வார்த்தைதான் ஐயா. இருக்கு. அவ்ளோதான்."

வீட்டில் ஒத்திகை நடந்தது. நாத்தனார் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பெனி வக்கீலாக நின்றாள். "வண்டியில குறை இருக்கா?" "இருக்கு." "சத்தமா!" "இருக்கு!" "எங்க இருக்கு?" "பின்குழாயில." பல் தேய்க்கும்போது கேட்டாள், சாப்பிடும்போது கேட்டாள். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கப்புறம் அந்த வீட்டில் மூன்று பேரும் சிரித்தது அந்த வாரம்தான்.

விசாரணை நாளன்று வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பெஞ்சு போதாமல் பாதிப்பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கட்டுப்போட்ட கை, கட்டுப்போட்ட தலை, தாங்குகட்டை. அந்த வராந்தாவில் முழுசாக இருந்தவர்கள் வக்கீல்கள் மட்டும்தான். ஆப்பிள் கொண்டுவந்த பைக்காரன் வந்து குனிந்தான். "அம்மா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நானா விழுந்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா, ஏதோ எங்களால ஆனது..." அந்த ஆனதையும் சொன்னான். ஆபரேஷனுக்குக் கால்வாசிகூட வராது.

"போய் வேற யாருக்காவது ஆப்பிள் வாங்கிக் குடு" என்றேன். அவ்வளவு தைரியம் இருந்தது எனக்கு. பெயின்டுக்கு அடியில் சாட்சி இருக்கிறதே.

முதலில் கம்பெனி மேனேஜர் கூண்டில் ஏறினார். லாரியின் முன்பக்க மூலையில் புதுப் பெயின்ட் அடித்திருப்பது ஏன் என்று வக்கீலம்மா கேட்டார். "வழக்கமான பராமரிப்பு" என்றார் மேனேஜர். முத்திரை குத்திய ஒரு காகிதத்தையும் நீட்டினார். நீதிபதி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அவர்கள் அடித்தால் அது பராமரிப்பு. என் வீட்டுக்காரர் அடித்தது தடயத்தை அழித்ததாம், அவர்களுடைய மனுவில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

அடுத்து இவர். தேய்த்த சட்டை, வாரிய தலை. வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னார். ஸ்டேஷனிலிருந்து வண்டியை எடுத்தபோது பின்சக்கரம் எட்டுப்போல மடங்கிக் கிடந்தது, பதினோரு கம்பி அறுந்திருந்தது, முன்சக்கரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் குரலில் சந்தேகமே இல்லை. நீதிபதிகூட நிமிர்ந்து பார்த்தார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். வயதானவர். கத்துவார், மிரட்டுவார் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். அவர் சிரித்தார். அந்த ஃபோட்டோவை எடுத்துக் காட்டினார்.

"இது நீங்கதானே?"

"ஆமாங்க."

"நல்லா சிரிச்சிட்டிருக்கீங்க." பின்வரிசையில் யாரோ செருமினார்கள். "எத்தனை வருஷமா இந்தத் தொழில்?"

"முப்பதுங்க."

"உங்களப் பத்தி விசாரிச்சேன். ஒருத்தர்கூடக் குறையா சொல்லல. என் பேத்தி சைக்கிளக்கூட நீங்கதான் பண்ணிக் குடுத்திருக்கீங்க. நாலு கடையில முடியாதுன்னு சொன்ன வண்டி. இப்பவும் சும்மா பறக்குது."

இவர் நெஞ்சு நிமிர்ந்தது. நான் பார்த்தேன். வேண்டாம், சிரிக்காதீர்கள் என்று மனசுக்குள் சொன்னேன்.

"சாதாரணமா கேக்கறேன். உங்க கடையிலேருந்து போன வண்டியில குறை இருக்குன்னு எப்பவாவது..."

"நம்ம கைக்கு வந்த வண்டி," என்றார் என் வீட்டுக்காரர், தலையை நிமிர்த்தி, கடை வாசலில் நிற்கிற அதே குரலில், "குறையோட வெளிய போனதில்ல சார்."

நாத்தனார் என் கையைப் பிடித்து நசுக்கினாள். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். தட்டச்சு செய்கிறவர் விரல்கள் அந்த வாக்கியத்தை ஒரு எழுத்து விடாமல் அடித்து முடிக்கிற சத்தம் கேட்டது.

"இந்த வண்டியும்தானே?" என்றார் கம்பெனி வக்கீல், ஃபோட்டோவைத் தட்டி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "இல்லைங்க... இதுல... இதுல இருக்கு. இருக்குங்க. பின்குழாயில. புட்டி வச்சு மறைச்சிருக்கேன்."

"ஓ. ஊர்க்காரங்க வண்டியெல்லாம் குறையில்லாம பண்ணுவீங்க. பெண்டாட்டி வண்டியில மட்டும் குறை வச்சு, அத மறைச்சும் குடுத்தீங்க."

மன்றமே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை, ஆனால் அடக்கிக்கொண்டார் என்று தெரிந்தது. இவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "இருக்குங்க, சத்தியமா இருக்குங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கரண்டி பிடித்த நாத்தனாரிடம் சொன்ன அதே வார்த்தைதான். ஒரு வாக்கியம் பிந்திவிட்டது.

வக்கீலம்மா விடவில்லை. மனு போட்டார். அதிகாரி வந்தார். மன்றத்தின் பின்கட்டில் என் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டினார். புட்டி உதிர்ந்தது, இரும்பு தெரிந்தது. ஒடுங்கல் இருக்கத்தான் இருந்தது. நீலப் பெயின்ட் இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துத் தேடினார். ஒரு பொட்டுக்கூட இல்லை. இவர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற தேய்ப்பில் என்ன மிஞ்சும்? "ஒடுங்கல் உள்ளது. எப்போது, எதனால் ஏற்பட்டது என்று கூற இயலாது. பழுதுபார்க்கும்போது சுத்தியலாலும் ஏற்பட்டிருக்கலாம்" என்று எழுதினார். அதைப் படித்தபோது இவர் அவமானத்தில் கூனிப்போனார். சுத்தியலால் குழாயை ஒடுக்குகிறவன் என்று இவரைப் பற்றி அரசாங்கக் காகிதத்தில் எழுதிவிட்டார்களே.

இரண்டு தரப்புக்கும் சம அளவு கவனக்குறைவு என்று தீர்ப்பு வந்தது. கேட்டதில் பாதி. உறங்காமல் ஓட்டவைத்த கம்பெனிக்கும், ஓரமாகப் போன எனக்கும் சரிபாதித் தப்பு. அந்தப் பாதி, முதல் ஆபரேஷனுக்கு வாங்கிய கடனோடு சரியாகிவிட்டது. "மேல போகலாம்மா, நம்ம பக்கம் நியாயம் இருக்கு. ரெண்டு மூணு வருஷம் ஆகும்" என்றார் வக்கீலம்மா. டாக்டர் சொன்ன ஒரு வருஷத்தில் பாக்கியிருந்தது ஐந்து வாரம். என் எலும்புக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. போகவில்லை.

இப்போது என் இடது கால் வலது காலைவிட மூன்று விரற்கடை குட்டை. சலவைக்கூடத்தில் என் இடத்தில் வேறொருத்தி நிற்கிறாள். நான் கடையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிய டியூபுக்குக் காற்றடித்துப் பார்க்கிறேன். எழுந்து நாலு அடி நடந்தால், அவர் பார்வை தானாக என் காலுக்குப் போகும். கோணலைக் கண்டால் பொறுக்காத கண் அல்லவா? உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நான் வேண்டுமென்றே அவர் எதிரில் நடப்பேன்.

சைக்கிளை மன்றத்திலிருந்து திருப்பிக் கொடுத்தார்கள், நம்பர் எழுதிய அட்டை தொங்க. கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கே, பழக்க தோஷம், இவர் கை பச்சைப் பெயின்ட் டப்பாவைத் தேடிப்போனது. சுரண்டிய இடத்தில் இரும்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தாங்கவில்லை.

"தொட்டீங்கன்னா பாருங்க" என்றேன்.

"துரு பிடிச்சிடும்மா."

"பிடிக்கட்டும். உங்க கைக்கு வந்த வண்டிதானே? இங்கயே, கடை வாசல்லயே நிக்கட்டும். வர்றவங்க எல்லாம் பாக்கட்டும்."

நின்றது. நிற்கிறது. தினமும் காலையில் மற்ற வண்டிகளைத் துடைப்பார், அதைச் சுற்றிப் பெருக்குவார், அதைத் தொடமாட்டார். மழைக்கு அப்புறம் அந்தக் குழாயில் துரு பொரிந்திருக்கிறது. வருகிறவர்கள், "என்ன பெண்டுக்காரரே, இத இப்படி விட்டுட்டீங்க?" என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்லமாட்டார். இப்போதெல்லாம் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் ஒன்றும் சொல்வதில்லை. சக்கரத்தைச் சுற்றிக் காட்டுவதோடு சரி.

"போதும் அண்ணி. எங்க அண்ணன் பாவம்" என்றாள் நாத்தனார் போன வாரம். "லாரிக்காரனத் திட்டு, கம்பெனிக்காரனத் திட்டு. இவன் என்ன பண்ணான்? உம்மேல இருக்கிற ஆசையிலதானே பண்ணான்?"

எனக்குத் தெரியாதா? லாரிக்காரனை என்றைக்கோ மன்னித்துவிட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. இவர் பத்தொன்பது நாள் பார்த்துப் பார்த்துச் செய்தார். தப்பு யாருடையது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கம்பெனியின் லாரி தினமும் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போகிறது. நான் கத்தினால் அதன் கண்ணாடிகூட இறங்காது. என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவர் இவர் ஒருத்தர்தான்.